கதை நேரத்துக்கு வந்த இரும்பு உருண்டை

அனுப்புநர்:
திருமதி மேனுகா திலீபன்,
நூலக உதவியாளர் (ஒப்பந்த அடிப்படை),
கிளை நூலகம்,
வெண்மணற்குடா,
முல்லைத்தீவு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
முல்லைத்தீவு.

ஊடாக: இல்லை. காரணம் 9ஆம் பந்தியில்.

விடயம்: நூலக வளவில் சிறுவர் பூங்காவுக்காகப் பரப்பப்பட்ட மண்ணைப் பிள்ளைகள் மிதிக்க முன்னர் சோதித்துத் தருமாறும், நிரபராதியான கடற்றொழிலாளி ஒருவர் மீதான சந்தேகத்தை நீக்க உதவுமாறும் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் மேற்படி கிளை நூலகத்தில் நான்கு வருடங்களாக வேலை செய்கிறேன். இம்மனுவில் ஒரு முறைப்பாடும் ஒரு குற்ற ஒப்புதலும் இருக்கின்றன. முறைப்பாட்டை மட்டும் எழுதி அனுப்ப மூன்று தடவை முயன்றேன். ஒப்புதல் இல்லாமல் அந்த முறைப்பாடு நிற்காது என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். பூங்காவின் திறப்பு விழா ஒக்டோபர் முதலாம் திகதி, சிறுவர் தினத்தன்று. இன்னும் ஒன்பது நாட்களே இருக்கின்றன.

2. எமது நூலகத்தில் சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு, இரண்டு முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்குக் கதை நேரம் நடத்தி வந்தேன். அந்த வயதுப் பிள்ளைகள் ஏழு நிமிடங்களுக்கு மேல் ஓரிடத்தில் இருக்க மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு கருப்பொருளை எடுத்து, அதற்கு ஒரு சிறு கதை, ஒரு பாட்டு, ஒரு விளையாட்டு, ஒரு கைவேலை என்று முதலே கொப்பியில் திட்டமிட்டுக்கொள்வேன். நிறங்கள், மிருகங்கள், மழை என்று இருபத்தாறு கிழமைகள் நடந்தன. ‘சத்தங்கள்’ என்ற கிழமையில் ஒரு பலூன் வெடித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். சுவரோரம் இருந்த தாய்மாரில் நால்வர் தரையோடு குனிந்துவிட்டார்கள். அதன்பின் நான் பலூன் வாங்கவில்லை. இவ்வளவு கவனமாக இருந்தவள்தான் பின்வருவதைச் செய்தேன் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும்.

3. ஓகஸ்ட் மாத நடுப்பகுதியில், பூங்கா அமைப்பதற்காக ஒப்பந்தக்காரர் மூன்று டிப்பர் மண் கொண்டுவந்து நூலகத்தின் பின்புறம் கொட்டினார். 23ஆம் திகதிக் கதை நேரத்துக்கு நான் ‘மண்’ என்ற கருப்பொருளை எடுத்திருந்தேன். வாசலிலேயே புது மண் கிடக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, பிள்ளைகளை அந்தக் குவியலுக்குக் கூட்டிச் சென்றேன். ஆளுக்கொரு சிரட்டை கொடுத்துக் கிண்டச் சொன்னேன். கிண்டச் சொன்னது நானே.

4. அங்கே நான் ஒரு பிள்ளையின் கண்ணில் விழுந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நான்கு வயதுச் சிறுமி யதுசா என் முதுகுப் பக்கமாக வந்து, “ரீச்சர், உருண்டைக் கல்லொண்டு எடுத்தனான்” என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன் என்றுதான் பல நாட்களாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் முழுதாகத் திரும்பவில்லை. மண் அப்பிய ஏதோ ஒன்று அவளது இரண்டு கைகளுக்குள்ளும் இருந்ததைக் கண்டேன். “நல்ல கல்லு. கழுவிக் கவனமா வச்சிருங்கோ” என்று சொன்னேன். அவள் சொல்வழி கேட்கும் பிள்ளை.

5. இரண்டு கிழமைகளின் பின், செப்டெம்பர் 6ஆம் திகதிக்கு, ‘உருண்டை’ என்று கருப்பொருள் வைத்து, வீட்டிலிருந்து உருண்டையான ஒரு பொருள் கொண்டுவரும்படி அறிவித்தேன். அன்று பதினொரு பிள்ளைகளும் ஆறு தாய்மாரும் வந்திருந்தார்கள். பாயில் தேசிக்காய், கண்ணாடிப் போளை, பந்து, வளையல் எல்லாம் வந்து சேர்ந்தன. மூன்று வயதுத் தேனுகா எதுவும் கொண்டுவராமல் தன் தலையைத் தொட்டு, இதுவும் உருண்டைதான் என்றாள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே யதுசா ஒரு பால்மாத் தகர ரின்னைத் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

“என்ர உருண்டை ரீச்சர். கழுவினனான்.”

அது கல் அல்ல. தேசிக்காயை விடச் சற்றுப் பெரிதான, துருவேறிய இரும்பு. பாரத்திலேயே தெரிந்துவிட்டது. 2009இல் எனக்குப் பதினாறு வயது. இப்படியான ஒன்றைக் கையில் எடுத்ததால் என் தம்பி செந்தூரனின் வலது கையில் இன்று இரண்டு விரல்களே இருக்கின்றன.

6. நான் அதைக் கீழே வைக்கவில்லை. வைக்கும் அசைவில் ஏதாவது நடந்துவிடுமோ என்ற பயத்தில் என் கை விறைத்துப்போயிருந்தது. குரலை மாற்றாமல் பிள்ளைகளிடம், “இப்ப நாங்கள் எல்லாரும் பூனை. பூனை நடந்தால் சத்தம் வராது. அம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வேப்பமரம் மட்டும் பூனை நடை” என்றேன். தாய்மார் என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு என் கையைப் பார்த்தார்கள். ஒருவரும் கத்தவில்லை. தாயுடன் வராத பிள்ளைகளையும் அவர்களே இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார்கள். யதுசா மட்டும் போகவில்லை. “என்ர உருண்டையைத் தாங்கோ” என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளது தாய் சுசிலா ஓடி வரவில்லை. மெதுவாக நடந்து வந்து, மகளின் விரல்களை என் கையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அவளைத் தூக்கிக்கொண்டு போனார்.

எமது நூலகத் தொழிலாளி வீரகத்தி ஐயா பொலிசாருக்கு அறிவித்துவிட்டு, தூரப் போகும்படி நான் கெஞ்சியும் கேளாமல் யன்னலுக்கு வெளியே நின்றார். “பிள்ளை, கையை மடியில ஊண்டி வை. என்னோட கதைச்சுக்கொண்டிரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாற்பது நிமிடங்களின் பின் குண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவினர் வந்தார்கள். அவர்களில் ஓர் உத்தியோகத்தர் தன் கைகளை என் கைகளுக்குக் கீழே வைத்து, தனக்குத் தெரிந்த தமிழில், “அக்கா, இப்ப விடுங்க” என்றார். என் விரல்கள் விரியவில்லை. அவரே விரித்து எடுத்தார். நீதிமன்ற அனுமதியுடன் மறுநாள் அதை வெட்டவெளிக் காணியொன்றில் வெடிக்க வைத்தார்கள். அந்தச் சத்தம் நூலகம் வரை கேட்டது.

7. அன்று மாலை வாக்குமூலம் எடுத்த உத்தியோகத்தர், பிள்ளைக்கு இது எங்கே கிடைத்தது என்று என்னிடம் கேட்டார். “தெரியாது. வீட்டிலிருந்து கொண்டு வந்தது” என்று சொன்னேன். இதுவே நான் ஒப்புக்கொள்ளும் குற்றம். அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மண் குவியலும், சிரட்டையும், நான் சொன்ன வார்த்தைகளும் கண்முன் நின்றன. ஆனால் டிசெம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தர நியமனத்துக்கான பட்டியலில் என் பெயர் இருக்கிறது. சிறு பிள்ளைகளை வெடிபொருளுக்குள் கிண்ட விட்டவள் என்ற பெயருடன் அந்தப் பட்டியலில் இருக்க முடியாது என்று பயந்தேன். பயத்தில் சொன்ன பொய்யும் பொய்தான்.

8. அந்தப் பொய்யினால் நடந்தவை: யதுசாவின் தந்தை மத்தேயு கடற்றொழில் செய்பவர். வெடி வைத்து மீன் பிடிப்பதற்காக வீட்டில் வெடிபொருள் வைத்திருந்தாரா என்ற சந்தேகத்தில் அவரை இதுவரை நான்கு தடவை விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். வீட்டையும் கரையிலுள்ள வாடிக் கொட்டிலையும் சோதித்து, படகின் இயந்திரத்தைக் கொண்டுபோயிருக்கிறார்கள். பதினாறு நாட்களாக அவர் கடலுக்குப் போகவில்லை. பொலிசாரை நான் குறை கூறவில்லை. அவர்கள் நான் காட்டிய திசையில் தேடினார்கள். என் வாக்குமூலத்தில் மண் என்ற சொல்லே இல்லாததால் மண்ணை எவரும் சோதிக்கவில்லை.

இரண்டாவது விசாரணைக்கு அடுத்த நாள் சுசிலா நூலகத்துக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. “பிள்ளை அதை எங்க எடுத்ததெண்டு உங்களுக்கு ஏதும் தெரியுமோ ரீச்சர்?” என்று மட்டும் கேட்டார். நான் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே தெரியாது என்றேன். அவர் “சரி” என்று சொல்லிப் போனார்.

9. செப்டெம்பர் 15ஆம் திகதி அந்த மூன்று டிப்பர் மண்ணையும் உழவு இயந்திரத்தால் பூங்கா நிலத்தில் பரப்பினார்கள். காலை எட்டு முதல் பிற்பகல் இரண்டு மணி வரை நான் நூலகத்துக்குள் இருந்து, இயந்திரத்தின் சத்தத்துக்குள் வேறு சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் இளம் பெடியன். எழுந்து போய் நிறுத்தச் சொல்ல எனக்கு இருபது அடி தூரமே இருந்தது. போகவில்லை. எதுவும் நடக்கவில்லை என்பது எனக்குக் கிடைத்த மன்னிப்பு அல்ல என்று அறிவேன்.

அன்று மாலை வீரகத்தி ஐயா, டிப்பர்காரர் தன்னிடம் சொன்னதை என்னிடம் சொன்னார். அந்த மண் போர்க்காலத்தில் எழுப்பிய பழைய மண் அணையொன்றை வெட்டி ஏற்றியதாம். அணையின் அடிவரை வெட்டினார்களாம்.

கடந்த சனிக்கிழமை, கதை நேரம் நூலகத்துக்குப் பொறுப்பான பிரதேச சபையின் கடிதத்தால் நிறுத்தப்பட்டிருந்த போதிலும், நூலகம் திறக்கப் போனேன். பரப்பிய மண்ணில் மூன்று சிறு பிள்ளைகள் வட்டமாக இருந்து சிரட்டையால் கிண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் போல் கையைக் கட்டிக்கொண்டு, “எல்லாரும் கிண்டுங்கோ, இண்டைக்கு மண் கதை” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்களை வெளியே கொண்டுவந்து விட்டபின், வளவைச் சுற்றிக் கயிறு கட்டிச் சிவப்புத் துணியும் தொங்கவிட்டேன்.

அன்றே எமது சபையின் பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவரிடம் சென்று, எல்லாவற்றையும் முதல் தடவையாகச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, “பாருங்கோ மிஸ், இதை இப்ப எடுத்தால் திறப்பு விழா நிக்கும். உங்கட நியமனமும் நிக்கும். உழவு இயந்திரம் ஓடின நிலத்தில இனி என்ன கிடக்கப்போகுது?” என்றார். நான் கட்டிய கயிற்றையும் சிவப்புத் துணியையும் ஞாயிற்றுக்கிழமை எவரோ அவிழ்த்திருந்தார்கள். இம்மனுவை மேலதிகாரி ஊடாக அனுப்பாததற்குக் காரணம் இதுவே.

10. இன்று காலை பொலிஸ் நிலையத்துக்குச் சென்று என் வாக்குமூலத்தைத் திருத்த வேண்டும் என்று கேட்டேன். விசாரணை உத்தியோகத்தர் நீதிமன்றத்துக்குப் போயிருப்பதால் வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். அங்கிருந்து நேரே மத்தேயுவின் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. சுசிலாதான் பேசினார்.

“எங்களுக்கு அண்டைக்கே தெரியும். ரீச்சர்தான் கழுவி வச்சிருக்கச் சொன்னவா எண்டு பிள்ளை சொன்னவள்.”

ஏன் பொலிசில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“இவர்தான் வேண்டாமெண்டவர். எங்கட பிள்ளை வெளியில போகுமட்டும் அதைக் கையில வச்சுக்கொண்டு இருந்தவாவைக் காட்டிக்குடுக்கேலாது, அவா தானாச் சொல்லுவா எண்டவர். நான் ஒருக்காக் கேட்டுப் பாப்பமெண்டுதான் உங்களிட்ட வந்தனான்.”

யதுசா கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். கூப்பிட்டேன், வரவில்லை. இப்போது அவள் நிலத்திலிருந்து எதையும் எடுப்பதில்லையாம். கை தவறி விழுந்த சோற்றுக் கரண்டியைக்கூடத் தாயைக் கூப்பிட்டுக் காட்டுகிறாளாம்.

11. ஆகவே தங்களிடம் பணிவுடன் கேட்டுக்கொள்பவை:

(அ) கண்ணிவெடி அகற்றும் பிரிவினரைக் கொண்டு அந்த நிலம் முழுவதையும் சோதிக்கும்வரை பூங்காவை மூடிவைத்துக் காவல் போடுமாறும், அதே அணையிலிருந்து வேறெங்கெல்லாம் மண் கொண்டுபோகப்பட்டது என்று விசாரிக்குமாறும் கேட்கிறேன். எனக்குக் கூடிய பயம் இதுதான். முன்பள்ளிகளுக்கும் அந்த மண் போயிருக்கலாம்.

(ஆ) இம்மனுவின் பிரதியைப் பொலிசாருக்கு அனுப்பி, மத்தேயுவின் படகு இயந்திரத்தை மீளக் கொடுக்கவும் அவர் மீதான சந்தேகத்தை நீக்கவும் ஆவன செய்யவும்.

(இ) பொய் வாக்குமூலத்துக்கும் கவனக்குறைவுக்கும் எனக்குரிய தண்டனையை நான் ஏற்பேன். கதை நேரத்தை மட்டும் நிரந்தரமாக நிறுத்திவிட வேண்டாம். வேறொருவரை நியமித்தால், மீதிக் கிழமைகளுக்கு எழுதி வைத்துள்ள கருப்பொருள் கொப்பியை ஒப்படைப்பேன். அதில் ‘உருண்டை’ என்ற பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

12. தங்கள் அலுவலகத்திலிருந்து எவரும் வர முன்னரே முதலாம் திகதி விடிந்துவிட்டால், அன்று காலை ஆறு மணியிலிருந்து நான் பூங்கா வாசலில் நிற்பேன். புதுச் சட்டை போட்டு வரும் ஒவ்வொரு பிள்ளையின் தாயிடமும், இங்கே எழுதியதை ஒரு வார்த்தை குறையாமல் சொல்வேன். அவர்களின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் நிற்பேன். தாங்கள் அதற்கு முன் ஆளனுப்பினால், நில்லாமல் இருக்கலாம். தயவுசெய்து அனுப்புங்கள்.

மேலே கூறியவை அனைத்தும் உண்மை. இம்முறை எதையும் மறைக்கவில்லை.

இப்படிக்கு,
(ஒப்பம்) மேனுகா திலீபன்

இடம்: வெண்மணற்குடா
திகதி: 22.09.2025

நேரில் கண்ட சாட்சி:
(ஒப்பம்) க. வீரகத்தி, நூலகத் தொழிலாளி