லிஃப்ட் இல்லாத ஊரிலிருந்து

கொச்கோர்,
ஜூன் 11

ஐசுலுவின் அப்பாவுக்கு,

உங்களை இப்படி அழைத்துப் பத்தொன்பது வருடமாகிறது. எங்காவது உட்கார்ந்துகொண்டு படியுங்கள். உங்கள் மேய்ச்சல் மலையில் போன் எடுக்காது, அதனால் பால் வண்டி மம்பெத்திடம் கொடுத்தனுப்புகிறேன். எடுத்தாலும் நமக்குள் பேச்சு ஏது?

நம் மகள் என்னைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். அமெரிக்காவில் இருக்கிறாள், இப்போது பெயர் ஐசுலு இல்லை, ஹேலியாம். காப்பகத்துக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடம் அலைந்திருக்கிறாள். யாரிடமோ நம் பாஷையில் எழுதி வாங்கி ஒரு கடிதம் போட்டிருக்கிறாள். ஆகஸ்ட் 17, மாலை ஏழு மணிக்குக் கூப்பிடுவாளாம். இருபது நிமிடம். "நடுவில் மொழிபெயர்க்க ஆள் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையை உங்கள் குரலில் கேட்டால் போதும். கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாள். அது என்ன கேள்வி என்று உங்களுக்கும் தெரியும்.

எனக்கு ஆங்கிலத்தில் 'தேங்க்யூ' மட்டும்தான் தெரியும். நான் சமைக்கும் பள்ளியின் ஆங்கில டீச்சர் பெர்மெத், மதியச் சாப்பாட்டுக்கு என் சமையலறைக்கு வந்தபோது வெட்கத்தை விட்டுக் கேட்டேன். ஏன் என்று சொல்லவில்லை. குழந்தை செத்துப்போய்விட்டது என்று ஊருக்குச் சொல்லிவைத்தவர் நீங்கள்தானே! அவள் ஒரு பென் டிரைவ் கொடுத்தாள். அதில் நாற்பது டி.வி. அரட்டை. கோட்டுப் போட்ட ஒருவன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். விருந்தாளி வந்து சோபாவில் உட்கார்ந்து, தான் அசடு வழிந்த கதையைச் சொல்கிறார். ஊரே சிரிக்கிறது.

"இலக்கணத்தத் தூக்கிப் போடுங்க ஜூரா அக்கா. சிரிச்சா வார்த்தை தானா ஒட்டிக்கும்" என்றாள் பெர்மெத்.

சிரிக்கத்தான் வரவில்லை.

ஜூரா


மேய்ச்சல் மலை,
ஜூன் 24

ஜூரா,

மம்பெத் போன பிறகுதான் பிரித்தேன். மூன்று தடவை படித்தேன். மழை பிடித்துக்கொண்டது, ஒரு பெட்டை ஆடு கால் ஒடிந்து கிடக்கிறது. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பா எங்கே என்று அவள் கேட்டால், செத்துவிட்டான் என்று சொல்லிவிடு.

உலர்ந்த தயிர் உருண்டை ஒரு பை அனுப்பியிருக்கிறேன். உனக்குப் பிடித்தமாதிரி உப்புக் குறைவாக.

எசென்


கொச்கோர்,
ஜூலை 22

எசென்,

இனி உங்களை 'ஐசுலுவின் அப்பா' என்று அழைக்க மாட்டேன். செத்துவிட்டவருக்கு அந்தப் பெயர் எதற்கு?

இருபத்தாறு அரட்டை பார்த்துவிட்டேன். எனக்கு இப்போது என்னென்ன ஆங்கிலத்தில் தெரியும், கேளுங்கள். கால்சட்டை கிழிந்தது. மாமியார் பக்கத்து வீட்டு நாயோடு சண்டை போட்டார். கல்யாணத்தில் கேக் மேல் விழுந்தேன். நடிகர் ஒருவர் லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதை முழுவதும் மனப்பாடம். பொத்தான், கதவு, 'யாராவது இருக்கீங்களா', 'என்னை வெளியே விடுங்க' எல்லாம் தெரியும். நம் ஊரில் லிஃப்ட் எங்கே இருக்கிறது?

ஆனால் எனக்கு வேண்டிய வார்த்தை ஒன்றுகூட அங்கே கிடையாது. அந்த சோபாவில் உட்கார்ந்த எவருக்கும் காசநோய் வரவில்லை. எவரும் பெற்ற பிள்ளையைத் தொலைக்கவில்லை. அகராதியைப் பார்த்து எழுதிவைத்தேன். எவர் வாயிலும் கேட்காத வார்த்தை என் வாயில் நிற்க மாட்டேன் என்கிறது. உருளைக்கிழங்கு சீவும்போதெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன், மறுநாள் காலை காணாமல் போய்விடுகிறது. பயமாயிருக்கிறது எசென். அவள் கேட்டுவிட்டு, பதில் வராமல் போனை வைத்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

ஒவ்வொரு அரட்டைக்கும் நடுவில் அந்தக் கோட்டுக்காரன், "எங்கேயும் போயிடாதீங்க, இதோ வந்துடறேன்" என்கிறான். விளம்பரம் முடிந்ததும் வந்தும்விடுகிறான். காப்பகத்து வாசலில் எட்டு மாதக் குழந்தையிடம் நானும் அதைத்தான் சொன்னேன். மூன்று மாதம்தான் ஆஸ்பத்திரி என்று சொன்னார்கள், சொன்னபடி மூன்றே மாதத்தில் வந்தேன். அதற்குள் நீங்கள் தத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள்.

ஜூரா


மேய்ச்சல் மலை,
ஆகஸ்ட் 5

ஜூரா,

நீ பிழைக்கமாட்டாய் என்று டாக்டர் சொன்னார். எனக்கு இருபத்துமூன்று வயது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. இதை அப்போதும் சொன்னேன், நீ நம்பவில்லை. இப்போது யோசித்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. டாக்டர் சொன்னது, 'பிழைக்காமலும் போகலாம்' என்றுதான்.

நான் செத்துவிட்டதாகவே சொல். காலில் விழுந்து கேட்கிறேன்.

எசென்


கொச்கோர்,
ஆகஸ்ட் 31

எசென்,

கூப்பிட்டாள். சரியாக ஏழு மணிக்கு.

போனை எடுத்ததும் என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "இன்னிக்கு நிகழ்ச்சிக்கு வந்ததுக்கு ரொம்ப நன்றி." அவள் சிரித்துவிட்டாள். உங்கள் அக்கா சிரிப்பதுபோலவே மூக்கால் சிரிக்கிறாள். மாமியார் நாய்க் கதையைச் சொன்னேன், இன்னும் சிரித்தாள். பத்து நிமிடம் பயமே இல்லை.

பிறகு கேட்டாள், என்னை ஏன் கொடுத்தீங்க என்று.

எழுதிவைத்த தாள் கையில்தான் இருந்தது. ஓர் எழுத்துகூடக் கண்ணில் படவில்லை. எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். "நான் லிஃப்டில் மாட்டிக்கிட்டேன். மூணு மாசம். கதவைத் தட்டினேன். யாராவது இருக்கீங்களா, என்னை வெளியே விடுங்கன்னு கத்தினேன். கதவு திறந்தப்போ நீ இல்ல."

முதலில் சிரிக்கப் போனாள், பாதியில் நின்றுவிட்டாள்.

"பொத்தானை யார் அமுக்கினது?" என்றாள்.

நீங்கள் கேட்டுக்கொண்டது ஞாபகம் இருந்தது. 'செத்துவிட்டார்' என்பதற்கும் எனக்கு வார்த்தை தெரியும். ஆனாலும், "அப்பா" என்றேன். "எங்கே இருக்கிறார்?" என்றாள். "மலையில்" என்றேன்.

அழுகிற சத்தம் கேட்டது. "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். இன்னும் எட்டு நிமிடம் பாக்கி இருந்தது.

பதினான்கு நாளாகிறது. அந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் எடுப்பதில்லை. சமையலறையிலும் போனை மாவுக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். சூப்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன், பள்ளிப் பிள்ளைகள் துப்பினார்கள். விளம்பரம் இவ்வளவு நேரமா ஓடும்? காப்பகத்தில் அந்த எட்டு மாதக் குழந்தை இப்படித்தானே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்? என்னால் முடியவில்லை எசென்.

ஜூரா


மேய்ச்சல் மலை,
செப்டம்பர் 8

ஜூரா,

மந்தையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை பால் வண்டியில் இறங்குகிறேன். வீட்டுக்குள் விடாவிட்டால் வாசலில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ பள்ளிக்குப் போகிற நேரத்தில் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போ. அடித்தால் நான் எடுக்கிறேன். அடிக்கிறவரை அங்கேயே இருக்கிறேன்.

'பொத்தானை அமுக்கியது நான்தான்' என்று அந்தப் பாஷையில் எப்படிச் சொல்வது? எழுதி மம்பெத்திடம் கொடுத்துவிடு. வெள்ளிக்கிழமைவரை ஆடுகளிடம் சொல்லிப் பழகுகிறேன்.

ஐசுலுவின் அப்பா