மெஷின் இல்லாத வீட்டில் மெஷின் பவுடர்

மார்ச் 3, திங்கள்

காலையில் என் வீட்டுக்காரர் பேப்பரை விரித்தார். விளையாட்டுப் பக்கத்தின் நடுவில் நான் கூப்பன் வெட்டின ஓட்டை. நேற்றைய மேட்ச்சின் ஸ்கோர் சரியாக அந்த ஓட்டைக்குள்தான் இருந்ததாம். "யாரு ஜெயிச்சான்னு எண்ணெய்க் கூப்பனைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?" என்றார். கூப்பனைத் திருப்பிக் காட்டினேன். அவருடைய அணி தோற்றுவிட்டது. அதற்கும் என்னையே முறைத்தார்.

பஸ் ஓட்டுகிறவருக்கு ஓவர்டைம் நின்று மூன்று மாதம். வாஷிங் மெஷின் செத்து இரண்டு மாதம். ரிப்பேர்காரர் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குச் செலவு பண்றது வீண்க்கா" என்றதோடு சரி. அன்று செய்துகொண்ட ஏற்பாடுதான் இந்தக் கத்தரிக்கோல் வேலை. மளிகைக்கு ஒதுக்குகிற பணத்தில் நான் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறேனோ அது பிஸ்கட் டின்னுக்குள் போகும். டின் நிறைந்தால் புது மெஷின். அதுவரை என் இரண்டு கைதான் மெஷின்.

மார்ச் 5, புதன்

புதன்கிழமை பெரிய கடையில் தள்ளுபடி நாள். ஆளுக்கு இரண்டு பாட்டில் எண்ணெய்தான் கொடுப்பார்கள். ஆகவே நாங்கள் நான்கு பேரும் நான்கு வரிசையில், யாரோ எவரோ மாதிரி நிற்போம். பெரியவளுக்குப் பதினான்கு வயது. மானம் போகிறது என்று தலையைத் தூக்குவதே இல்லை. சின்னவளுக்கு இது நாடகம். இன்று பக்கத்து வரிசையிலிருந்து என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு. அதுல ஒண்ணு சரியான வாயாடி" என்றேன்.

பில் போடும் பெண் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அக்கா, உங்க வாயாடி மீதிச் சில்லறைய வாங்காமப் போறா. கூப்பிடுங்க."

ஆக, அவளுக்கு எல்லாம் தெரியும். எத்தனை புதன்கிழமையாகத் தெரியுமோ. இருந்தாலும் யாரிடமும் சொல்லாமல் எட்டு பாட்டிலையும் விட்டுவிட்டாள். நல்ல பெண்.

மார்ச் 9, ஞாயிறு

தக்காளி டின் பாதி விலை என்று அள்ளிக்கொண்டு வந்ததில், ஐந்தாம் நாளாகத் தட்டில் எல்லாமே சிவப்பு. "நாளைக்கு என்னம்மா?" என்றாள் பெரியவள். நான் வாயைத் திறப்பதற்குள், "வேணாம், சொல்லாத" என்று எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 12, புதன்

எழுதவே மனசில்லை. எழுதாவிட்டாலும் ஆறாது.

நர்ஸம்மா தன் மகளின் கல்யாண உடையைத் தைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்த சாட்டின். வெண்ணெய் மாதிரித் துணி. ஓரத்தை மடித்து விரலால் நீவினேன் — சர்ரென்று ஓர் இழை கூடவே வந்துவிட்டது. என் விரல் நுனியெல்லாம் வெடிப்பு. சோப்புத் தண்ணீரில் ஊறி, காய்ந்து, மறுபடியும் ஊறி, தோல் முள் முள்ளாக நிற்கிறது. ரப்பர் உறை போட்டும் பார்த்தாயிற்று. உள்ளே வியர்த்து அரிப்பு கூடியதுதான் மிச்சம்.

இந்தக் கையை வச்சுக்கிட்டு இனிமே என்னத்தத் தைக்கிறது? பேன்ட் ஓரம் மடிச்சுக்கிட்டு, ஜிப் மாத்திக்கிட்டுக் காலத்த ஓட்டணுமா? பட்டும் சாட்டினும் தைக்கிறவன்னுதானே நாலு பேரு என்னைத் தேடி வர்றாங்க. அழுகையா வருது.

நர்ஸம்மாவுக்குப் போன் செய்து மறைக்காமல் சொன்னேன். எந்த இடத்தில், எவ்வளவு நீளம் என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்தத் துண்ட மட்டும் மாத்திடுங்க, துணி குடுத்தனுப்புறேன். ஆனா கைக்கு ஒரு வழி பாருங்க. அடுத்த மாசம் இன்னும் ரெண்டு டிரஸ் இருக்கு. அத உங்ககிட்ட குடுக்கலாமா வேணாமான்னு யோசிச்சுச் சொல்றேன்" என்றார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை.

ராத்திரி வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே துணிய நான் துவைக்கிறேன்" என்றார்.

மார்ச் 15, சனி

துவைத்தார். பெரியவளின் வெள்ளைப் பள்ளிச் சட்டை இப்போது ரோஸ் நிறம். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பஸ்ஸைத் திருப்பும்போதெல்லாம் "அம்மா" என்று முனகியிருக்கிறார். முன் சீட்டில் இருந்த வயதான அம்மாள் ஒவ்வொரு தடவையும், "என்னப்பா?" என்று கேட்டாராம்.

மறுபடியும் நானே.

மார்ச் 20, வியாழன்

என்ன காரியம் செய்துவிட்டேன்.

கடையில் மெஷினுக்குப் போடுகிற சலவைப் பவுடர் பாதி விலை. அதற்குமேல் என் கையில் கூப்பன். அதற்கும்மேல் உறுப்பினர் அட்டைக்கு ஒரு தள்ளுபடி. ஆளுக்கு இத்தனை என்ற கட்டுப்பாடுகூட இல்லை. மூன்றும் ஒரே நாளில் இப்படிக் கூடி வந்து நான் பார்த்ததே இல்லை. கண் மண் தெரியவில்லை. கையிலிருந்த பணம் போதாமல் வீட்டுக்கு ஓடி வந்து, டின்னைத் திறந்து எடுத்துக்கொண்டு போய், பன்னிரண்டு பெரிய பாக்கெட் வாங்கினேன். எப்படியும் மெஷின் வரத்தானே போகிறது என்று ஒரு கணக்கு.

அவர் வந்தார். பாக்கெட்டுகளைப் பார்த்தார். உட்கார்ந்தார். "மெஷின் எங்க?"

"வரும்."

"கல்யாணமே ஆகல, அதுக்குள்ள பன்னெண்டு தொட்டில் வாங்கிட்டியே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டின்னில் பாதி காலி. மெஷினுக்குச் சேர்த்த பணத்தில் மெஷினுக்குப் பவுடர் வாங்கியிருக்கிறேன். கையால் துவைக்கலாம் என்றால் அதுவும் முடியாது. தோலில் படக் கூடாது என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறது. யாராவது பண்ணுவாங்களா இப்படி? நான் பண்ணியிருக்கேன்.

மார்ச் 21, வெள்ளி

இரண்டு பையில் தூக்கிக்கொண்டு போனேன். "தள்ளுபடில வாங்கினத திரும்ப எடுக்க மாட்டாங்கக்கா" என்றாள் பில் போடும் பெண். அவள் முகமும் வாடித்தான் இருந்தது. அதே இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

மார்ச் 24, திங்கள்

சின்னவள் பாக்கெட்டுகளை அடுக்கிக் கூடத்தில் கவுன்ட்டர் கட்டியிருக்கிறாள். அவர் ஒன்றைக் கேட்டதற்கு, "ஆளுக்கு ரெண்டுதான். பின்னாடி போய் நில்லுங்க" என்றாள்.

மார்ச் 27, வியாழன்

கீழே கடை வைத்திருக்கும் சலூன்காரர் கிழிந்த ஏப்ரன் ஒன்றைத் தைக்க மேலே கொண்டுவந்தார். கவுன்ட்டரைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, எனக்குப் போட்டியா கடை போடுறீங்களா?" என்றார். வெட்கத்தை விட்டுக் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், மனிதர் பாக்கெட்டைத் தூக்கி எடை பார்க்கிறார்.

அவர் கடையில் துண்டு துவைக்கவென்றே ஒரு மெஷின் உண்டு. "வர்றதுல ஒரு பங்கு பவுடருக்கே போகுதுக்கா. எனக்கு அஞ்சு குடுங்க. வாங்கின விலைக்கே எடுத்துக்கறேன்."

கொடுத்திருப்பேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது.

"காசு வேணாம். உங்க மெஷின் எப்பெல்லாம் சும்மா இருக்கும்?"

"சாயங்காலம் கூட்டம் வர்ற வரைக்கும் சும்மாதான் கிடக்கும். ஏங்க்கா?"

பேசி முடித்தோம். மாதம் ஒரு பாக்கெட் அவருக்கு. வாரம் இரண்டு நாள் எங்கள் துணி அவர் மெஷினில், எங்கள் பவுடரில். "மாசம் ரெண்டா குடுங்கக்கா, கரன்ட் செலவு இருக்குல்ல" என்று இழுத்தார். கூப்பன் வெட்டுகிறவளிடமா? "ஒண்ணுதான். கூடவே ஏப்ரன் கிழிசல் எல்லாம் சும்மா தைச்சுத் தர்றேன்" என்றேன். ஒத்துக்கொண்டார். படி இறங்கும்போது, "நீங்க தையலுக்கு வந்தது எங்க நல்ல நேரம். கடை போட்டிருந்தா நாங்கல்லாம் பிழைச்சிருக்க முடியாது" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

சலூன் மெஷினில் துவைத்து வந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்காரர் கண்ணாடி முன்னால் நின்றார். தோளில் நீளமாக ஒரு சுருட்டை முடி. எங்கள் வீட்டில் யாருக்கும் சுருட்டை இல்லை.

"பத்து வருஷத்துக்கு முன்னாடின்னா இதுக்கு நீ என்னைக் கொன்னிருப்ப" என்றார்.

"இப்ப சும்மா விடுவேன்னு யார் சொன்னா?" என்று முடியை எடுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

எலுமிச்சம்பழம் பிழிந்தேன். கை எரியவில்லை.

ஏப்ரல் 16, புதன்

நர்ஸம்மா வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. "கையக் காட்டுங்க" என்றார். ஆஸ்பத்திரியில் பார்ப்பதுபோல ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து புதுச் சாட்டினை உருவி என் விரல்கள்மேல் போட்டு, மெதுவாக இழுத்தார். துணி எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது.

"ரெண்டு டிரஸ்" என்றார் குனிந்து எடுத்துக்கொண்டே. "அளவெடுக்கப் பொண்ணுங்கள ஞாயித்துக்கிழமை அனுப்புறேன்."

அவர் தெருமுனை திரும்புகிறவரை பொறுத்திருந்து, தனியாக நின்று சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம். பெரியவள் உள்ளேயிருந்து வந்து, "மறுபடியும் தக்காளி டின் வாங்கிட்டியா?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

மே 17, சனி

பேப்பரை நான்தான் முதலில் விரித்தேன். தொடர்கதைப் பக்கத்தின் நடுவில் ஓட்டை. கதாநாயகி கதவைத் திறக்கிறாள் — அதோடு சரி, வாசலில் நிற்பது யார் என்ற இடத்தில் எங்கள் மேஜை தெரிகிறது. இந்த வீட்டில் பேப்பரை வெட்டுகிறவள் நான் ஒருத்திதான். நான் வெட்டவில்லை.

அவர் டியூட்டிக்குப் போய்விட்டார். அடுப்பு மேடைமேல் பிஸ்கட் டின் இருந்தது. சாட்டின் கூலி முழுவதையும் போன வாரம் அதில்தான் போட்டேன், நிறைந்துபோய் மூடி சரியாகப் பொருந்தவில்லை. டின்னுக்கு அடியில் அந்தக் கூப்பன். கோணல்மாணலாக வெட்டியிருக்கிறார். வாஷிங் மெஷின், நாளை ஒரு நாள் மட்டும். திருப்பிப் பார்த்தேன். வாசலில் நிற்பது பால்காரர்தானாம். இதற்கா ஒரு வாரம் காத்திருந்தேன்.

புது மெஷின் வந்தாலும் சலூன்காரருக்குப் பேசினதற்கு மேல் ஒரு பாக்கெட் கொடுக்க வேண்டும். அவர் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. அவருடைய கரன்ட் செலவுக்கு அதுதான் நியாயம்.

கூப்பனின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது: ஒரு குடும்பத்துக்கு ஒன்று மட்டும். நாளைக்கு நான்கு பேரும் ஒரே வரிசையில் நிற்கலாம்.