இடது பக்கத்து ஹீட்டர்

டிச. 11, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ஷெட்டில் இரண்டு இடத்தில் ஒழுகல், வாளி வைத்தாயிற்று.

சிவலிங்கம் சாரின் பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஜாக்கியில். இரண்டு கதவு, இன்ஜின் பின்னால், ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே குளிரும் ஜாதி. ரிட்டயர் ஆன பணத்தில் வாங்கிய பொம்மை. நான் சைலன்சர் வெல்டிங் ஷெட் வைத்திருப்பவன். என்னிடம் வந்த காரணம்: ஹீட்டர்.

சுடுதண்ணீர் இல்லாத வண்டியில் சூடு எங்கிருந்து வரும்? சைலன்சருக்குப் போகும் புகைக்குழாயிலிருந்துதான். குழாயைச் சுற்றி ஒரு தகரக் கூடு. கூட்டுக்குள் காற்றை ஊதினால் அது சூடாகி, தரைக்கடியில் ஓடி, உட்காருபவர் காலில் வந்து விழும். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. உள்ளே குழாயில் ஓட்டை விழுந்தால் சூட்டோடு விஷப் புகையும் வரும். அதனால் டெஸ்ட் முக்கியம்.

முன்னால் பார்த்த மெக்கானிக் எவனோ ஹீட்டர் வாயில் தேங்காய் நாரைத் திணித்து சிமெண்ட் பூசியிருக்கிறான். திட்டத் தோன்றவில்லை. கள்ளக்குறிச்சி வெயிலில் காருக்கு ஹீட்டர் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

வாங்க: பித்தளைக் கம்பி, லீவர் கேபிள், ஆஸ்பெஸ்டாஸ் கயிறு. வீட்டுக்காரி தனத்துக்கு இருமல் மருந்து.

டிச. 13, புதன்

மழை இல்லை. வலது கூடு டெஸ்ட். குழாயின் ஒரு வாயை அடைத்து, மறு வாயில் கம்ப்ரஸர் காற்று கொடுத்து, பின்பக்கத்து மாட்டுத் தொட்டியில் முக்கினேன். குபுகுபுவென்று குமிழி. தகரத்தைப் பிரித்துப் பித்தளை வைத்து அடைத்து, மறுபடி முக்கி, மறுபடி அடைத்து... மூன்றாம் தடவை தண்ணீர் அசையவில்லை. நாள் முழுக்க இதே வேலை. மாட்டுக்காரரிடம் வேறு பேச்சு வாங்கினேன்.

மதியம் சாரும் டீச்சரம்மாவும் வந்தார்கள். அவர் மனைவி. மலைமேல் கரியாலூரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, மலையே பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டவர். மூட்டுவாதம். இந்தக் குளிரில் பாதம் மரத்துப்போகிறதாம். காலில் இரண்டு ஜோடி சாக்ஸ்.

“ஏம்ப்பா ராஜவேலு, இந்தக் கார் பறக்கவெல்லாம் வேணாம்ப்பா. எங்கால் ரெண்டும் சுட்டா போதும்.”

“சுட்டா போதும்னா அடுப்பு வாங்கிக் குடுத்திருப்பனே,” என்றார் சார்.

“அடுப்பு வாங்கிக் குடுக்கறவரா நீங்க? கல்யாணத்துக்கு வாங்குன ஸ்டவ்வ இன்னும் நாந்தான் பத்த வெச்சிக்கினு கீறேன்.”

எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துவிட்டது.

மார்கழி பிறப்பதற்குள் வண்டி வேண்டுமாம். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் தொடங்குமுன் ஷெட்டை விட்டு வெளியேற வேண்டும். சரி என்றேன்.

டிச. 14, வியாழன்

பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை. ஐந்து மணிக்கு வரும் என்றார்கள், ஆறரைக்கு வந்தது. கம்ப்ரஸர் ஓடவில்லை. இடது கூட்டை முக்கிப் பார்க்கவில்லை. தகரம் வலதை விட நல்ல நிலை. சுத்தியலால் தட்டினேன், கணீர் என்றது. டார்ச் அடித்து எட்டின மட்டும் பார்த்தேன். துரு கம்மி. மாட்டிவிட்டேன்.

இருட்டியதும் வீடு. தனத்துக்கு இருமல் ஜாஸ்தி.

டிச. 15, வெள்ளி

பனி. ஒன்பதே முக்காலுக்கு வந்துவிட்டார்கள். தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் டீச்சரம்மா கையில். நான் எந்த வண்டியையும் சாம்பிராணி போடாமல் வெளியே விடுவதில்லை. கதவை மூடி உள்ளே நன்றாகப் புகை போட்டேன். இன்ஜினைப் போட்டு, ஹீட்டர் லீவரைத் தூக்கி, ஐந்து நிமிடம் உள்ளே உட்கார்ந்தும் பார்த்தேன். சாம்பிராணி வாசம்தான், வேறொன்றும் இல்லை.

டீச்சரம்மா செருப்பைக் கழற்றி இடது பக்க சீட்டில் உட்கார்ந்தார். “ஐயோ, சுடுதுங்க!” என்று சாரைப் பார்த்துச் சிரித்தார். எலுமிச்சம்பழம் நசுங்க வண்டி போயிற்று. மணி பத்து இருபது.

டிச. 16, சனி

சார் போன். “வண்டி அருமையாப் போவுதுப்பா. ஏறின ஒடனே தூங்கிட்டா. ஆனா உன் சாம்பிராணி வாசன இன்னும் போவல. அவளுக்குத் தல நோவுதாம்.”

“ரெண்டு நாள்ல போயிடும் சார்.”

சங்கராபுரம் டிராக்டர் சைலன்சர், முடிந்தது.

டிச. 18, திங்கள்

டீச்சரம்மா செத்துப்போனார்.

நேற்று கள்ளக்குறிச்சி வந்து திரும்பியிருக்கிறார்கள். மலையேறும்போது மழை, கண்ணாடி எல்லாம் மூடி. வழியெல்லாம் தூக்கம். வீட்டு வாசலில் எழுப்பினால் எழவில்லை. சாருக்கும் வாந்தியாம். மலை வளைவு என்கிறார்கள். டீச்சரம்மாவுக்கு மாரடைப்பு என்கிறார்கள்.

பஸ் பிடித்துப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் ஜன்னல் பக்கம் யாரும் உட்காரவில்லை, குளிர். எனக்கு முக்காமல் மாட்டிய இடது கூடே ஞாபகம்.

எடுத்து முடிந்திருந்தது. கூட்டத்தில் ஒரு அம்மா, “புண்ணியவதி, ஒரு நோவு இல்லாம தூக்கத்துலயே பூட்டாங்க.” சார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மூணு நாளு அவ காலு சூடா இருந்துச்சு ராஜவேலு. உன்னாலதாம்ப்பா.”

வாய் திறக்கவில்லை நான். மிருகம்.

டீச்சரம்மாவின் தங்கையும் அவர் பிள்ளைகள் இரண்டும் வந்திருக்கிறார்கள். நாளைக் காலை அவர்களை அதே காரில் பஸ் ஸ்டாண்டில் விடப் போவதாகச் சார் சொன்னார். பிரேக்கில் கோளாறு சார், எடுக்கவே கூடாது என்று பொய் சொல்லிச் சாவியை வாங்கினேன். நானே ஓட்டி வந்தேன். லீவர் இறக்கி, கண்ணாடி இரண்டும் திறந்து. பல் கிட்டிப்போயிற்று.

டிச. 19, செவ்வாய்

இடது கூட்டைக் கழற்றித் தொட்டியில் முக்கினேன். காற்று கொடுக்குமுன்பே தெரியும், இருந்தாலும் கொடுத்தேன். குமிழி.

தகரத்தை வெட்டிப் பார்த்தேன். குழாய் வளையும் இடத்தில், டார்ச் எட்டாத இடத்தில், சுண்டுவிரல் போகும் ஓட்டை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரம்கூட இல்லை. கரண்ட் வந்த பிறகு இன்னொரு முறை கழற்ற அலுப்பு, அவ்வளவுதான்.

தனத்திடம் சொன்னேன். அடுப்பை அணைத்தாள். பிறகு, “எரிச்சிட்டாங்க இல்ல? இனிமே யாருக்குத் தெரியும்? நீயா போயி வாயக் குடுக்காத. ரெண்டு பொண்ணு கீது நமக்கு.”

அவள் சொல்வதில் தப்பில்லை. ஆனாலும் வெட்டிய கூட்டைத் தூக்கிப் போடவில்லை.

டிச. 20, புதன்

வேலை ஓடவில்லை. ஷட்டர் பாதி.

இரண்டு தடவை சார் நம்பரைப் போட்டுக் கட் செய்தேன். மூன்றாவது தடவை அவரே கூப்பிட்டார். “பிரேக் சரியாச்சாப்பா? வெள்ளிக்கெழம வரேன்.” வாங்க சார் என்றேன்.

டிச. 22, வெள்ளி

பஸ்ஸில் வந்து இறங்கினார். சவரம் இல்லை, ஸ்வெட்டர் பட்டன் மாற்றிப் போட்டிருந்தார். டீ வேண்டாம் என்றார்.

வெட்டிய கூட்டை அவர் முன் வைத்து எல்லாம் சொன்னேன். கரண்ட் இல்லாதது, முக்காமல் மாட்டியது, புகை வந்தது சாம்பிராணி வாசத்தில் தெரியாமல் போனது, போனில் நான் சொன்ன பதில். பிரேக் பொய் என்பதையும். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெல்ல:

“ஞாயித்துக்கெழம மல ஏறும்போது கேட்டாப்பா. தல சுத்துது, கண்ணாடிய எறக்கட்டுமான்னு. மழ அடிக்கும், சூடெல்லாம் போயிடும், மூடிக்கினு தூங்குன்னு நாந்தான் சொன்னேன்.”

கூட்டைச் சாக்கில் சுற்றினேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்கப் போகிறேன் சார் என்றேன்.

எழுந்து, பட்டனைச் சரியாகப் போட்டுக்கொண்டார்.

“இரு, நானும் வரேன். எம்பேரயும் சேத்து எழுது.”