ஆறு டப்பா

ஆகஸ்ட் 4, திங்கள்

கல்லூரி மணியில் விரிசல் விழுந்த வருஷம். என் மகனுக்கு முதல் பால்பல் விழுந்ததும் அதே வருஷம்தான். கிழக்குப் பக்கம் இருந்த கேட்டைத் தெற்கே மாற்றினார்கள். அந்த வருஷம்தான் துறைத்தலைவர்களுக்கு முதன்முதலாக விலக்கு மணி கொடுத்தார்கள். துறையின் அலுவலக வேலையைப் பார்ப்பதற்காக, வாரத்தில் சில மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டாம் என்று விடுவது. அப்போது நான் அங்கே பியூன்.

இன்று ஏன் அது ஞாபகம் வந்தது? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, இதை எழுதுவது என் மருமகள். அதே கல்லூரியில் ஜூன் முதல் வேதியியல் துறைத்தலைவி. சாப்பிடும்போதுகூட விண்ணப்பங்களில் கையெழுத்துப் போடுகிறாள்.

"மாமா, தலைவர் பதவிய விட்டுடப் போறேன். பாடம் தயார் பண்ணவே நேரமில்ல."

இருப்பது பன்னிரண்டு விலக்கு மணி, ஆறு துறை. ஆளுக்கு இரண்டு என்று பிரித்துவிடப் போகிறாராம் முதல்வர். அப்படியென்றால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்களாம்.

ஆகஸ்ட் 5

நேற்று தூங்கிவிட்டேன். மீதி இன்று.

அப்போதும் பன்னிரண்டு மணி, ஆறு தலைவர்கள்தான். ஆறு பேரும் அடித்துக்கொண்டார்கள். முதல்வராக இருந்த பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "உனக்குப் படிப்பு வராது. அதனால நீதான் சரியான ஆளு. காகிதத்தக் காட்டி உன்ன யாரும் ஏமாத்த முடியாது."

ஆறு தகர டப்பா கொடுத்தார். எதற்கு எந்தத் துறை என்று நெளிசலை வைத்துத்தான் அடையாளம். ஒரு மாதம், தலைவரின் அறைக்கதவை யார் தட்டினாலும் அந்தத் துறை டப்பாவில் ஒரு சாக்கட்டித் துண்டு. எது கனக்கிறதோ அதற்கு அதிக மணி. தலைவர்களுக்கு இது தெரியக்கூடாது.

மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். என்னம்மா?

ஆகஸ்ட் 8, வெள்ளி

டப்பா கதையை மருமகள் போய்ச் சொன்னதும் முதல்வர் சிரித்தாராம். பிறகு, "உங்க மாமனாரயே வந்து பியூனுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்க" என்றாராம். ஆறு தலைவர்களும் சம்மதம். இந்த முறை ஒளிவுமறைவு இல்லை.

போனேன். இப்போது சாக்கட்டி கிடையாது. தீர்ந்த பேனாவின் மூடிகள். பியூனிடம் ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னேன்: "நீ தட்டினா கணக்கில்ல."

"ஏன் பெரியவரே?"

அனுபவம் என்றேன்.

ஆகஸ்ட் 9

படி ஏறி இறங்கியதில் முட்டி வீங்கிவிட்டது. ஆனாலும் இரண்டு தோசைக்கு இருக்கும் பசி.

(தோசை கேட்டது நிஜம், கிடைத்தது கஞ்சி. இதையும் எழுதும்மா.)

ஆகஸ்ட் 20

மருமகள் விடவில்லை. என்ன அனுபவம், என்ன அனுபவம் என்று. சொல்லிவிடுகிறேன்.

அன்று இலக்கியத் துறைக்கு ஒரு கட்டைக்குரல் அம்மா தலைவி. கூப்பிட்டால் மாடியில் புறா பறக்கும். அவருக்கு டீ கொண்டுபோவது நான்தான். தட்டுவேன், கொடுப்பேன், வெளியே வந்து ஒரு துண்டு போடுவேன். "யார் தட்டினாலும்" என்றுதானே சொன்னார்? நானும் ஆள்தானே? அம்மாவுக்கு நாலு மணி கிடைத்தது. அது என் டீயால் வந்தது என்று உறைக்கவே ஒரு வருஷம் ஆயிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

மருமகள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிக்கிறாள். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று.

செப்டம்பர் 10, புதன்

மாதம் முடிந்தது. வேதியியல் டப்பாவை மூட முடியவில்லை. சரித்திர டப்பாவில் அடி தெரிந்தது. சரித்திரத் தலைவர் கூட்டத்தில் எழுந்து, "எங்க பசங்க எங்க கதவத் தட்டறாங்க? நேரா உள்ள வந்து நாற்காலியில உக்காந்துடறாங்க" என்றாராம். முதல்வரே கண்ணைத் துடைத்துக்கொண்டாராம், சிரித்துச் சிரித்து.

சரித்திரத்துக்கு ஒன்று. என் மருமகளுக்கு நாலு.

பதவியை விடவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

வியாழன் மதியம் இப்போது அவளுக்கு வகுப்பில்லை. துறை வேலையை நாலு மணிக்கே முடித்துவிட்டு வந்து, "கிளம்புங்க மாமா, பாவத்தக் கழுவிட்டு வரலாம்" என்றாள்.

கட்டைக்குரல் அம்மா தன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகிவிட்டது, குரல் அப்படியே. டீ விஷயத்தை ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"ஏம்ப்பா, அதுவரைக்கும் நான் ஒரு நாளைக்கு எத்தன டீ குடிப்பேன்?"

"ரெண்டு."

"அந்த மாசம்?"

யோசித்தேன். ஆறு.

"நீ வெளிய போனதும் டப்பாவுல டக்குனு ஒரு சத்தம். மூணாம் நாளே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அந்த மாசம் பூரா எனக்குத் தூக்கமே இல்ல, போ."

முதல்வராக இருந்த பெரியவர் இப்போது இல்லை. மற்ற ஐந்து தலைவர்களும் இல்லை. விரிசல் விழுந்த மணியையும் இறக்கிவிட்டார்கள். என்னை விட்டால், அந்த டப்பாக் கணக்கில் இருந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒருவர்தான்: கட்டைக்குரல் அம்மா.