முள்ளு குத்தின காலு

அன்பு மகள் தமிழ்மொழிக்கு அம்மா எழுதுறது. இங்க நான் இருக்கேன், ஏதோ சாப்பிடுறேன். நீயும் மாப்பிள்ளையும் பூனாவுல சொகமா இருக்கணும்னு தினம் விளக்கேத்தும்போது சொல்லிக்கினுதான் இருக்கேன். போன் போட்டா நீ எடுக்க மாட்டேங்கிற, அதான் தெரிஞ்ச எழுத்துல எழுதுறேன், தப்பு இருந்தா கூட்டிப் படிச்சுக்க.

அப்பாவை எடுத்த அன்னைக்கு உங்க அத்தை ராஜாமணி ஊரு முன்னாடி, நீ உன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கினு போனதுலதான் என் தம்பி நெஞ்சு வெடிச்சு செத்தான்னு கத்துனாங்க. நீ கருமாதிக்குக்கூட நிக்காம ரயில் ஏறிட்ட. எனக்கு அப்போ யார் என்ன பேசுறாங்கன்னே காதுல ஏறல. நடந்ததை இப்ப சொல்றேன் கேளு. வலையில இருந்து கெளுத்தி மீனைக் கழட்டும்போது அது துள்ளி அப்பா காலுல முள்ளு ஏறிடுச்சு. உப்புத் தண்ணி எந்தப் புண்ணையும் ஆத்திடும்னு கடல்ல காலை வச்சிக்கினு நின்னாரு, நம்ம குப்பத்துல யாரு அப்படி நிக்கல. மறுநாள் காலு வீங்கிக் கறுத்துப் போச்சு, குளிர் ஜுரம் தூக்கிப் போட்டுச்சு, பேச்சு குழறிச்சு. அப்பவும் கஷாயம் போதும்னுட்டாரு. திண்டிவனத்துக்குத் தூக்கிக்கினு போனா பிரஷரே இல்லைன்னு மருந்து ஏத்தி ஜல்தியா விழுப்புரத்துக்கு அனுப்பிட்டாங்க.

அங்க ஒரு டாக்டர் பொண்ணு, உன் வயசுதான் இருக்கும், அவரு நெஞ்சுல பசை மாதிரி தடவி டிவிப் பெட்டியில இதயத்தைப் பாத்துச்சு. நானும் பாத்தேன் பாப்பா, கரையில போட்ட மீனு வாயைத் திறந்து திறந்து மூடுமே, அப்படி அடிச்சிக்கினு இருந்துச்சு. இன்னைக்கும் மீனு வாயைப் பாத்தா குழம்பு வைக்கக் கை வரல. செப்சிஸ்னாங்க. காலுல பூந்த கிருமி ரத்தத்துல கலந்து, அதோட உடம்பு சண்டை போட்டு இதயமும் சோந்து போயி, ரத்தத்தைத் தள்ள முடியலையாம். நான் வாய்விட்டே கேட்டேன், பொண்ணை நினைச்சு வேதனைப்பட்டதால இருக்குமான்னு. இல்லம்மா, எல்லாம் அந்தக் காலுல இருந்து வந்ததுதான், பொழைச்சிட்டா இதயம் கொஞ்ச நாள்ல பழையபடி ஆயிடும், ஆனா ரொம்ப முத்தினப்புறம் கொண்டாந்திருக்கீங்கன்னு சொல்லுச்சு. ஜுரத்துல உளறும்போதுகூட அப்பா உன்னைத் திட்டல. தமிழு வந்துட்டாளா, அவளுக்கு நண்டு எடுத்து வைன்னுதான் சொன்னாரு.

போன வாரம் உங்க அத்தை காலைக் கிளிஞ்சல் கிழிச்சிடுச்சு, சுகர் வேற, அவங்களும் போயி கடல்லதான் நின்னாங்க. ஜுரம்னு படுத்ததும் நான் விடல, திண்டிவனத்துக்கு இழுத்துக்கினு போனேன். தம்பியை அனுப்பிட்ட, அடுத்து நானான்னு வழியெல்லாம் ஏசினாங்க. டாக்டரு புண்ணைக் கழுவி ஊசி போட்டு, இப்பவே வந்ததால தப்பிச்சீங்க, விட்டிருந்தா ரத்தத்துல ஏறி இதயத்தையே பிடிச்சிருக்கும்னாரு. திரும்பி வரும்போது பஸ்ஸு பிரம்மதேசம் தாண்டிச்சு. அப்புறம் ஜன்னலைப் பாத்துக்கினே, அப்போ என் தம்பி நெஞ்சைப் பிடிச்சதும் அந்த முள்ளுதானா வடிவுன்னு கேட்டாங்க. ஆமாம் அண்ணின்னேன். முந்தானையை வாயில வச்சிக்கினு அழுதாங்க. உன்கிட்ட பேசணுமாம், போன் போட பயமா இருக்குதாம்.

மாசியில அப்பாவுக்கு வருஷ தெவசம், மாப்பிள்ளையைக் கூட்டிக்கினு வந்துடு. அங்க கையில காலுல அடிபட்டு குளிர் ஜுரம் வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி போ, அப்பா மாதிரி வீம்பு பிடிக்காத. ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம இருக்கணும், எல்லையம்மன் காப்பா.

இன்னொண்ணு, யார்கிட்டயும் சொல்லல. காலையில கரைக்குப் போனா அப்பா தண்ணியில அந்தக் காலை வச்சிக்கினு நிக்கிறாரு. போதும் ஏறி வாங்கன்னு கூப்பிடுறேன், முதுகைக் காட்டிக்கினே நிக்கிறாரு. நீ கூப்பிட்டா திரும்புவாரு. வந்து ஒரு தடவை கூப்பிடு பாப்பா. தண்ணியில மட்டும் இறங்காத, கரையில நின்னே கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா வடிவு