கெசியாவின் மூச்சு

டிசம்பர் 19
கெசியாவுக்கு மறுபடியும் வீசிங். மூன்று வயது நெஞ்சு எவ்வளவுதான் தாங்கும்? ஓசூர் குளிருக்கே இப்படியென்றால் ஏற்காட்டில்? கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சபையின் குளிர்கால முகாம். இந்த வருஷம் வேண்டாமே என்றேன். என் வீட்டுக்காரர் அசோக்கின் முகம் சுருங்கிவிட்டது. கம்பெனியில் ஷிஃப்ட் மாறி மாறி ஓடுகிற மனுஷனுக்கு அந்த மூன்று நாள்தான் திருவிழா.
"இன்ஹேலர் இருக்குதில்ல? நானும் கூட இருக்கேன். அப்புறம் என்ன பயம்?"
சரி என்றேன். கூட இருக்கேன் என்று சொன்னதற்காகத்தான்.

டிசம்பர் 26, ஏற்காடு
வந்து சேர்ந்தோம். ஆண்களுக்கு ஒரு ஹால், பெண்களுக்கு ஒரு ஹால். பக்கத்துப் பாயில் சுமலதா அக்கா. கன்னடம் கலந்து பேசும் தளி ஊர்க்காரர், எங்கள் பெண்கள் ஜெபக்குழுவின் தலைவி.
"பைபிள விட அந்த மருந்துப் பையத்தான் நீ ஜாஸ்தி தொறக்கற" என்று கிண்டல். மழைக்காலத்தில் கெசியாவுக்கு இழுப்பு வந்தபோது அசோக் நைட் ஷிஃப்ட்டில் இருந்தார். ஆட்டோ பிடித்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது இந்த அக்காதான். அவர் என்ன சொன்னாலும் எனக்குக் கோபம் வராது.

டிசம்பர் 27
சாட்சி சொல்லும் நேரத்தில் அசோக் எழுந்து நின்றார். "என் மகளுக்கு மூணு மாசமா மருந்தே இல்ல. ஆண்டவர் சுகம் குடுத்துட்டாரு."
ஒரே அல்லேலூயா. பாஸ்டர் கெசியாவைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.
நேற்றுகூட நான் கொடுத்தேனே!
சாப்பாட்டு வரிசையில் அசோக்கிடம் கேட்டேன். "விசுவாசத்துல சொல்றது தர்ஷினி. சொன்னா நடக்கும்."
"நடக்காதத நடந்துச்சுன்னு சொன்னா அதுக்கு வேற பேருங்க."
ரசத்தை வாங்கிக்கொண்டு ஆண்கள் பக்கம் போய்விட்டார். வந்தவர்களெல்லாம் என் கையைப் பிடித்துச் சந்தோஷப்பட்டார்கள். நானும் சிரித்து வைத்தேன். அந்தப் பொய்யில் இப்போது எனக்கும் பங்கா?

டிசம்பர் 28
எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் முடியவில்லை.
காலை ஜெபத்துக்கு முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். பனி. கெசியா இருமினாள். பிறகு அந்தச் சத்தம். விலா உள்ளே இழுத்தது. ஓடிப்போய்ப் பையைக் கவிழ்த்தேன். ஸ்பேசர் குழாய் இருந்தது, மாஸ்க் இருந்தது — இன்ஹேலர் இல்லை.
"யாக்கம்மா பயப்படற? பாஸ்டர் ஜெபிக்கறாருல்ல" என்று அக்கா என் தோளைப் பிடித்தார். எல்லோரும் சுற்றி நின்று ஜெபித்தார்கள். அசோக் பிள்ளையை மார்பில் சாய்த்துக்கொண்டு அழுதார். நிஜமாகவே அழுதார். நான் அவளைப் பிடுங்கும்போது அவர் ஸ்வெட்டர் பாக்கெட்டில் கெட்டியாக ஏதோ கையில் இடித்தது.
இன்ஹேலர்.
புள்ள மூச்சுக்குத் தவிக்குது, இந்தாளு அத நெஞ்சுல வச்சுக்கிட்டு ஜெபம் பண்றாரு!
"இன்னும் அஞ்சு நிமிஷம் பாக்கலாம்னு..."
அஞ்சு நிமிஷமா? உதடு நீலமாயிடுச்சே!
எல்லோர் முன்னாலும் நானே கொடுத்தேன். பிறகு முகாம் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு. வழியில் அக்கா மெதுவாகச் சொன்னார்: "அவர் மேல கோவப்படாத. நான்தான் எடுத்து வைக்கச் சொன்னேன். உங்கிட்ட இருந்தா நீ குடுத்துடுவ."
ஆமாம், கொடுத்துவிடுவேன்.
அன்றைக்கு ஆட்டோ பிடித்தவரும் இவர்தானே?
நெபுலைசர் வைத்ததும் இழுப்பு தணிந்தது. "ஏம்மா இவ்வளவு லேட்டு?" என்றார் டாக்டர். அசோக் தரையைப் பார்த்தார். "இன்ஹேலர் கெடைக்கலைங்க" என்றேன். ஏன் இவரைக் காப்பாற்றினேன்? தெரியவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு
சபைக்குப் போகவில்லை. அவர் மட்டும் போனார். வாட்ஸ்அப் குழுவில் பாஸ்டர் போட்டிருக்கிறார்: 'சகோதரர் அசோக்குமாரின் மகளுக்கு முகாமில் அற்புத சுகம்!' கீழே வரிசையாக ஆமென். அதில் ஒன்று அசோக்குடையது.

ஜனவரி 6
இன்ஹேலரை என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

ஜனவரி 8
இன்று அசோக்குக்கு லீவு. நான் ரேஷன் கடைக்குப் போக வேண்டியிருந்தது. கெசியாவைத் தூக்கிக்கொண்டு இறங்கி, கீழ்வீட்டுப் பேச்சியம்மாளிடம் விட்டேன்.
"ஏம்மா, இவ அப்பா வீட்ல இல்லையா?"
திரும்பிப் பார்த்தேன். அசோக் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார்.
"இருக்காருங்க" என்றேன். "நான் சீக்கிரம் வந்துடறேன்."