கண்ணாடி அடுப்பும் அத்தானும்

மார்ச் 3
அக்கா வீட்டில் அடுப்புக்கு இருக்கிற மரியாதை மனுஷிக்கு இல்லை. அத்தான் புதிதாக வாங்கிய கண்ணாடி அடுப்பு. அதில் முகம் பார்த்து மீசையை நீவிக்கொள்கிறார். கம்பி நார் கூடாது, சோப்புத் தண்ணீர்தான், மெல்லிய துணிதான். பாடமெல்லாம் எனக்குத்தான். “ஏய் ஊமைக்கோட்டான், காதுல விழுதா? ஒரு கீறல் இல்லாம வச்சுக்கிட்டா அடுத்த மாசம் தையல் வகுப்புல சேத்து விடுறேன்.”

தலையாட்டினேன். பள்ளிக்கூடம் நின்ற பிறகு எனக்கென்று ஒருவர் சொன்ன ஒரே நல்ல சொல். அதுவும் அந்த வாயிலிருந்து.

மார்ச் 9
இனிமேல் தாளிப்பு கிடையாதாம். எண்ணெய் தெறிக்குமாம். அக்கா “சரிங்க” என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை.

மார்ச் 15
பால் பொங்கி வழிந்தது. சூடு ஆறட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் அத்தான் வந்து குனிந்து, “என்ன இது, தேசப்படமா?” ஆறியதும் ஈரத்துணியைப் போட்டு ஊறவிட்டுத் துடைத்தேன். பர்னர் துளைகளில் ஊசி விட்டு அடைப்பு எடுத்தேன். அதை யார் பார்த்தார்கள்? பளபளக்காத இடம் அவர் கண்ணுக்குத் தெரியாது.

மார்ச் 22
அத்தானின் அண்ணன் வந்திருக்கிறார். பீற்றல் தாங்கவில்லை. “ஒரே நிமிஷத்துல சுத்தமாயிடும்ண்ணே, பாருங்க.” பாத்திரத்தை அப்போதுதான் இறக்கியிருந்தோம், கண்ணாடி கொதிக்கிறது. ‘சூடு’ என்று சொல்ல வாயெடுத்தேன் — வரவில்லை. சனியன் பிடித்த வாய்! ஒரு சொம்பு பச்சைத்தண்ணீரைக் கொட்டினார். படார். மேடை முழுக்கக் கற்கண்டு போலக் கண்ணாடித் துகள்.

சொம்பு இன்னும் கையில் இருக்கிறது, சொல்கிறார்: “நேத்து இவதான் கம்பி நாரைப் போட்டுத் தேச்சா. அதான் விரிசல் விட்டுப்போச்சு. தையலாவது மண்ணாவது, அப்பன் வீட்டுக்கே அனுப்பிடலாம்.”

அக்கா தரையைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

தூ! அவ்ளோ பெரிய மீசை, அதுக்குப் பின்னாடி இவ்ளோண்டு ஆளா?

மார்ச் 23
துகள் பொறுக்கினேன். துணிமணிகளை மடித்துப் பையில் வைத்தேன்.

மார்ச் 24
அத்தானின் அண்ணன் கிளம்பும்போது எனக்குப் புத்தி சொன்னார்: “இனிமேலாவது பாத்து வேலை செய்ம்மா.”

“நீங்களும் பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க? சொம்பு யார் கையில இருந்துச்சு?”

நானா கேட்டேன்? குரல் கீச்சென்று, யாருடையதோ போல இருந்தது. அப்புறம் ஒரு சத்தம் — அக்கா! வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அத்தானைப் பார்த்து, “கேக்குறாள்ல, சொல்லுங்க. அப்படியே தையல் வகுப்பு என்னாச்சுன்னும் சொல்லுங்க.”

அத்தான் முகம் பார்க்க அடுப்பும் இல்லை, பாவம்.

ஏப்ரல் 2
பரணிலிருந்து பழைய இரும்பு அடுப்பு இறங்கிவிட்டது. அக்கா கடுகு தாளித்தாள், எண்ணெய் சுவர் வரைக்கும் தெறித்தது. நான் துணியை எடுத்தேன். “அதை வை. வகுப்புக்கு நேரமாச்சு, கிளம்பு. அவர் தேய்ப்பார்.”

வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளிருந்து அத்தான் குரல்: “ஏய், அந்தக் கம்பி நாரை எங்க வச்ச?”

எனக்குத் தெரியும். ஊமைக்கோட்டான் எப்படிச் சொல்லும்?